அப்போது அவனுக்கு வயது ஏழு

சிங்கப்பூரில் இளையர் எழுதும் தமிழ்ச் சிறுகதைகளைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். போட்டிகளுக்கு வருபவை, பயிலரங்குகளில் எழுதப்படுபவை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தயங்கித் தயங்கி நீட்டுபவை. நாயகன் பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதுப் பையன். பள்ளிக்கு மட்டம் போடுகிறான், புளோக்குக்கு அடியில் நின்று புகைபிடிக்கிறான், ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான், ஒருநாள் யாரையோ அடித்துவிடுகிறான். போலிஸ் வருகிறது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அந்த வரி வரும்: அப்போது அவனுக்கு வயது ஏழு. பிறகு குடித்துவிட்டு வரும் அப்பா, உடையும் தட்டு, மேசைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் சிறுவன். சில கதைகளில் வயது ஆறு, சிலவற்றில் ஒன்பது. தட்டு இருக்கும் இடத்தில் பெல்ட். அந்தப் பத்தி முடிந்ததும் நமக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. ஆசிரியை கண் கலங்குகிறார். கதை முடிகிறது.

இந்த வரியைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அதை எழுதும் பிள்ளைகள் உண்மையான அக்கறையோடு எழுதுகிறார்கள். சிலர் தாங்கள் பார்த்த வீட்டையே எழுதுகிறார்கள். ஆனாலும் அந்த வரி வரும்போதெல்லாம், கதை அதுவரை சேர்த்துவைத்த உயிர் கையைவிட்டு நழுவுகிறது. பையன் திடீரென்று புரிந்துவிடுகிறான். புரிந்த கணத்தில் சிறுத்தும் போகிறான். குழந்தைப் பருவத்துக் காயம் ஒன்றைச் சாவியாக்கி, தடம் மாறிய பதின்ம வயதுப் பாத்திரத்தைத் திறந்துகாட்டும் இந்த வழக்கம் நமக்கு எதைத் தந்தது, எதைப் பறித்துக்கொண்டது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதன் ஊற்று தமிழருக்கு வெகுதூரத்தில் இல்லை. 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்', 2001இல் 'ஆளவந்தான்', 2005இல் 'அந்நியன்', 2018இல் 'ராட்சசன்' என்று நாற்பது ஆண்டுகளாக நம் திரையரங்குகளில் பிறழ்ந்த மனத்துக்கு விளக்கம் பிளாஷ்பேக்கில்தான் கிடைத்திருக்கிறது. அவற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்த படம் 2003இல் வந்த செல்வராகவனின் 'காதல் கொண்டேன்'. சிராங்கூன் சாலை விசிடி கடைகளிலிருந்து அந்தப் படம் எத்தனையோ அடுக்குமாடி வீடுகளுக்குப் போயிருக்கும். தனுஷ் நடித்த வினோத் பாதிரியார் ஒருவரால் வளர்க்கப்பட்ட அநாதை. கல்லூரி வகுப்பில் தூங்கிக்கொண்டிருப்பவனை ஆசிரியர் எழுப்பிக் கணக்குப் போடச் சொல்கிறார். கரும்பலகைக்குப் போய்ப் போட்டு முடித்துவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் தூங்கிவிடுகிறான். எல்லோரும் சிரித்த காட்சி அது. இன்று பார்க்கும்போது அந்தத் தூக்கம் என்னை உலுக்குகிறது. சின்ன வயதில் பயமில்லாமல் கண்மூடத் தெரியாத ஒருவன், பாதுகாப்பான இடம் கிடைத்ததும் முதலில் செய்வது அதுதான். உட்காரும் விதம், பார்க்கும் விதம், ஒருத்தி கொஞ்சம் அன்பாகப் பேசியதும் அவன் முகத்தில் வரும் நம்பமுடியாமை என்று அந்த உடம்பு எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டது. பிறகு இரண்டாம் பாதியில் பிளாஷ்பேக் வருகிறது. கொத்தடிமைச் சிறுவர்கள், வதை, சாவு. அந்தக் காட்சிகளின் கொடுமை உண்மையானது. ஆனால் அவை வந்ததும் வினோத்தின் தூக்கம் அர்த்தம் இழந்து, வெறும் முன்குறிப்பு ஆகிவிடுகிறது.

குறைக்குப் போகும் முன் இந்த வழக்கத்துக்கு நாம் பட்டிருக்கும் கடனைச் சொல்லியாக வேண்டும். இது வருவதற்கு முன் அடங்காத பிள்ளையைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசினோம்? உருப்படாதவன். சேர்க்கை சரியில்லை. ரத்தத்திலேயே இருக்கிறது, அவன் தாத்தாவும் இப்படித்தான். இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றிலும் குற்றம் பிள்ளையின் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. 'இவனுக்கு என்ன கோளாறு' என்ற கேள்வியை 'இவனுக்கு என்ன நடந்தது' என்று மாற்றியதில் கதைக்கும் சினிமாவுக்கும் பெரிய பங்கு உண்டு. சிங்கப்பூர்ச் சட்டத்தின் மொழியிலேயே அந்த நகர்வைப் பார்க்கலாம். பெற்றோரின் கட்டுப்பாட்டை மீறிய பிள்ளை என்ற பெயரில் இருந்த நீதிமன்ற ஆணை, சிறார் இளையர் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி 2020 முதல் குடும்ப வழிகாட்டுதல் ஆணை என்று பெயர் மாறியது. பழைய பெயரில் பிள்ளை மட்டுமே குற்றவாளி. புதிய பெயருக்குள் ஒரு வீடும் வந்துவிடுகிறது.

இந்தப் பார்வை மேல்நாட்டு உளவியலோடு மட்டும் வந்ததும் இல்லை. நம் பாட்டிமார் 'பயந்த கோளாறு' என்றார்கள். பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டது, அது உள்ளே தங்கிவிட்டது, இப்போது காய்ச்சலாக, திக்குவாயாக, இரவில் படுக்கையை நனைப்பதாக வெளியே வருகிறது என்பது அவர்களின் கணிப்பு. கோயிலிலோ தர்காவிலோ மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சிகிச்சை எப்படியிருந்தாலும், கவனித்த இடம் சரியான இடம். எதைப் பார்த்துப் பயந்தாய் என்று பிள்ளையை நிற்கவைத்துக் குடைந்து கேட்கவில்லை. இப்போது எப்படித் தூங்குகிறது, எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்தார்கள். இன்றைய கதை எழுத்தாளர்களைவிட அந்தப் பாட்டிமார் கூர்மையாகக் கவனித்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவமும் பின்னால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் 1998இல் வெளியிடத் தொடங்கிய ஆய்வு, மொத்தம் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் குழந்தைப் பருவத்தைக் கேட்டது. அடி, வன்கொடுமை, புறக்கணிப்பு, வீட்டில் குடி, சிறைக்குப் போன உறவு போன்ற பாதகங்கள் எத்தனை கூடுகின்றனவோ, பிற்காலத்து நோயும் போதைப் பழக்கமும் தற்கொலை முயற்சியும் அந்த அளவுக்குக் கூடுகின்றன என்று காட்டியது. இதைப் படித்த எழுத்தாளர்கள் பலர், காயத்தையும் குற்றத்தையும் ஒரே கோட்டில் இணைக்க விஞ்ஞானமே அனுமதி கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி மனிதர் ஒருவரின் எதிர்காலத்தை அந்த மதிப்பெண்ணால் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எச்சரித்து எழுதினார். கதை எப்போதும் தனி மனிதரைப் பற்றியது.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எமி வெர்னரின் ஆய்வு இங்கே இன்னும் அதிகம் உதவும். வறுமை, சண்டை, குடி, மனநோய் என்று பல ஆபத்துகள் சூழ்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டும்போது தங்கள் வாழ்க்கையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நம் கதைகளில் இந்த மனிதர்களை நான் சந்தித்ததே இல்லை. ஏழு வயதில் தட்டு உடைந்ததைப் பார்த்து, பதினாறில் ஒருவனை அடித்து, முப்பத்திரண்டில் உட்லண்ட்ஸில் பேருந்து ஓட்டிக்கொண்டு தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் நம் கதைகளில் எங்கே இருக்கிறார்?

அவர் இல்லாமல் போவதற்குக் காரணம் பிளாஷ்பேக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. விளக்கம் சொல்வதற்காக வரும் காயம், விளக்கப்பட வேண்டிய ஒரு கொடுமையைக் கேட்கிறது. காயம் பெரிதாக இருக்க வேண்டுமென்றால் அவன் செய்யும் காரியமும் பெரிதாக இருக்க வேண்டும். அப்படித்தான் அடிபட்ட குழந்தை வளர்ந்து ஆபத்தான இளைஞனாக, காதலின் பேரில் கொலை செய்பவனாக, தொடர் கொலைகாரனாக ஆகிறான். அனுதாபத்துக்காக எழுதப்பட்டது, அடிபட்டு வளர்ந்த அத்தனை பேர்மீதும் சந்தேகத்தைத் தூவிவிட்டுப் போகிறது. வன்முறை நடந்த வீட்டில் வளர்ந்து, வாழ்நாள் முழுக்க யார்மீதும் கை ஓங்காதவர்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். கை ஓங்காமல் இருக்க அவர்கள் எடுக்கும் முயற்சி எவ்வளவு பெரிய நாடகம்! அதை எழுத யாரும் முன்வருவதில்லை.

எனக்கு இதைவிட வலிக்கும் குறை ஒன்று உண்டு. இளையர் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளையைப் பற்றி நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரி சமூக அறிக்கை தயாரிப்பார். குடும்பம், பள்ளி, நட்பு, நடந்தவை, காரணங்கள், பரிந்துரை. அந்த அறிக்கை தேவையானது. அதை நல்ல மனத்தோடு எழுதுகிற அதிகாரிகளால் தப்பித்த பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளை தன் கதையைப் பள்ளி ஆலோசகரிடம் சொல்லியிருப்பான், குடும்ப சேவை நிலையத்தில் சொல்லியிருப்பான், காவல் நிலையத்தில் சொல்லியிருப்பான், மருத்துவரிடமும் சொல்லியிருப்பான். ஒவ்வொரு இடத்திலும் அவனுடைய வயது ஏழு என்ற அந்த நாள்தான் நுழைவுச்சீட்டு. கடைசியில் சிறுகதை எழுத்தாளரும் அதே நாளைக் கேட்டுக்கொண்டு ஐந்தாவது அதிகாரியாக வந்து உட்காருகிறார். அறிக்கைக்குக் காரணம் வேண்டும், ஏனென்றால் அது ஒரு முடிவுக்கு வர வேண்டும். கதைக்கு அந்த அவசரம் கிடையாது. அவனைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரே இடம் கதைதான். அந்த விடுதலையை நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

பிளாஷ்பேக் கதைக்கு உடைகிற தட்டு வேண்டும் என்பதால், சத்தமில்லாத காயங்கள் அதற்குள் நுழைவதே இல்லை. இந்த நகரத்தில் சத்தமில்லாத காயங்கள் அதிகம். பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதி, கிடைத்த மதிப்பெண்ணால் வழக்கநிலை என்ற கீழ்ப்பிரிவுக்கு அனுப்பப்பட்ட ஒரு பையன், அன்று மாலை வீட்டில் எல்லோரும் வழக்கத்தைவிட அன்பாகப் பேசியதைக் கவனித்திருப்பான். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தத் தரம்பிரிப்பு இல்லை. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் படித்தவர்கள் அந்த மாலையைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஓரறை வாடகை வீட்டில் ஆறு பேர் படுக்கும்போது எந்தப் பக்கம் முகம் திருப்பிப் படுப்பது என்பதும், ரயிலில் தான் உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதை ஒன்பது வயதில் முதன்முதலாகக் கவனிப்பதும் எந்த நாளிலும் 'நடப்பவை' அல்ல. அவை தினமும் இருப்பவை. அவற்றுக்கு பிளாஷ்பேக் எழுத முடியாது. அதனால் நம் கதைகளில் காயத்துக்கு எப்போதும் ஒரே முகவரிதான்: குடிகார அப்பா. அரசாங்கத்தின் தேர்வுமுறையும் வாடகை வீட்டுச் சுவரும் நம் எல்லோருடைய பேச்சும் அதில் தப்பித்துக்கொள்கின்றன.

சரி, காரணத்தையே சொல்லாமல் விட்டால்? 'காதல் கொண்டேன்' வந்த அதே 2003இல் சிங்கப்பூரில் ராய்ஸ்டன் டானின் '15' வந்தது. குண்டர் கும்பல்களோடு தொடர்புடைய பதின்ம வயதுப் பையன்களையே நடிக்கவைத்து எடுத்த படம். தணிக்கையில் இருபத்தேழு வெட்டு வாங்கியது. அந்த வெட்டுகளைப் பற்றியே அவர் மறுவருடம் ஒரு குறும்படம் எடுத்தார். '15'இல் பெற்றோர் ஏறக்குறைய இல்லை. ஏழு வயதும் இல்லை. பச்சை குத்திய உடம்புகள், தன்னைத்தானே கீறிக்கொள்ளும் கை, போதைப்பொருளை விழுங்கும் தொண்டை, குதிப்பதற்கு ஏற்ற கட்டடத்தைத் தேடி அலையும் ஒருவன். யாரும் எதையும் விளக்குவதில்லை. அவர்களை ஆராயாமல் அவர்களோடு கூட நடந்த படம் என்பதால் அதை மதிக்கிறேன். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. காரணம் அறவே அற்றுப்போன இடத்தில் வேகமான வெட்டும் பாட்டும் நிறமும் வந்து நிரம்பிக்கொள்கின்றன. சில காட்சிகளில் பையன்களின் வலியே அலங்காரமாகிவிடுகிறது. மௌனமும் ஓர் உத்திதான், அதிலும் சோம்பல் நுழைய முடியும்.

ஐந்து ஆண்டு கழித்து எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்' எனக்கு இன்னும் நெருக்கமானது. தமிழில் பேசும் படம். கான் திரைவிழாவில் தங்கப்பனை விருதுக்கான போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர்ப் படமும் அதுவே. படத்தில் வரும் தந்தை ஒருகாலத்து மந்திர வித்தைக்காரர், இப்போது குடிகாரர். நிஜ வாழ்க்கையிலும் வித்தைக்காரரான பாஸ்கோ ஃபிரான்சிஸ் அந்த வேடத்தில் நடித்தார். தாய் இல்லாத வீட்டில் பத்து வயது ராஜேஷ் குடித்துவிட்டு வரும் அப்பாவைச் சுத்தம் செய்கிறான், பள்ளிக்குப் போகிறான், படிக்கிறான். போட்டிக் கதைகளின் பிளாஷ்பேக்கில் வரும் அதே வீடுதான்! ஆனால் இங்கே அது கடந்த காலமாக இல்லை, கண்முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. குடிகார அப்பா காரணமாகச் சுருங்கவில்லை. மகனுக்காகக் கண்ணாடியை விழுங்கி, உடம்பைக் குத்தி, வலியைக் காசாக்குகிறார். இந்தப் பையன் பதினாறு வயதில் என்ன ஆவான் என்று படம் சொல்வதில்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் எந்தப் பதிலும் உறுதியில்லை. அவன் கோபக்காரன் ஆகலாம், மருத்துவர் ஆகலாம், யாரையும் நம்பாதவன் ஆகலாம். அந்த உறுதியின்மைதான் அவனுக்கு நாம் தரக்கூடிய மரியாதை. படத்தின் மூலக்கதையிலும் வசனத்திலும் கொஞ்சம் எளிமைப்படுத்தல் இருக்கிறது, கடைசிப் பகுதி கண்ணீரைக் கேட்டு வாங்குகிறது. ஆனாலும் லிட்டில் இந்தியாவின் கூட்டத்தில் நாம் தாண்டிப்போகிற ஒரு வீட்டுக்குள் அது போயிருக்கிறது. தமிழ் தெரியாத இயக்குநர் போன அந்த இடத்துக்கு நாம் இன்னும் போதுமான அளவு போகவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நாவல்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். பல்லி கோர் ஜஸ்வாலின் 'சுகர்பிரெட்' 'பின்' என்ற சீக்கியக் குடும்பத்துச் சிறுமியின் கதை. அவளுக்குப் பத்து வயது. அம்மா ஜினிக்கு ஏதோ ஒரு பழைய ரகசியம் இருக்கிறது. தன்னைப்போல் மகள் ஆகிவிடக் கூடாது என்கிறாள், ஏன் என்று சொல்வதில்லை. மகள் அம்மாவின் சமையலை வைத்து அன்றைய மனநிலையைப் படிக்கிறாள். எந்தப் பண்டத்தில் காரம் ஏறியிருக்கிறது என்பது அவளுக்குச் செய்தித்தாள். அடி விழுந்த வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் பெரியவர்களைப் படிக்கக் கற்கிறார்கள் என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. பள்ளியிலும் வெளியிலும் இனத்தைச் சுட்டிய கேலியும் அவளுக்குக் கிடைக்கிறது, அதுவும் வீட்டுக் காயத்துக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் ஜினியின் இளமைக்காலம் தனி அத்தியாயங்களாக வந்து ரகசியம் அவிழ்கிறது. அவை நன்றாகவே எழுதப்பட்டவை. ஆனால் பதில் கிடைத்த பிறகு ஜினியின் சமையலில் அந்தப் பழைய பதற்றம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஷார்லீன் டியோவின் 'பொன்டி' 2018இல் வந்தது. அதன் முக்கியப் பகுதி மறுபடியும் அதே 2003இல் நடக்கிறது. சூ பதினாறு வயதுப் பெண். அப்பா விட்டுப் போய்விட்டார். அம்மா அமீசா பொன்டியானக் பேய்ப்படங்களில் நடித்து மறக்கப்பட்ட பேரழகி, மகளிடம் பனிக்கட்டியாக இருக்கிறாள். வீட்டில் பெரியம்மா ஆவிகளோடு பேசுவதாகத் தொழில் நடத்துகிறார். சூ, அவளுடைய தோழி சர்சீ, அமீசா என்று மூவரின் காலங்கள் மாறி மாறி வருகின்றன. அமீசாவின் ஏழ்மையும் கனவும் ஏமாற்றமும் நமக்குச் சொல்லப்படுகின்றன. ஆனால் சூவுக்கு அது எதுவும் தெரியாது. தன் அம்மா ஏன் இப்படி என்ற விளக்கம் யாருக்கு வேண்டுமோ அவளுக்கு மட்டும் கிடைப்பதில்லை. வாசகர் கையில் தங்கிவிடுகிறது. பிளாஷ்பேக் உத்தியின் பொய்யை இந்த நாவல் நேர்மையாக எதிர்கொள்கிறது. வாழ்க்கையில் பிள்ளைகளுக்கு அந்த அத்தியாயம் படிக்கக் கிடைப்பதில்லை. அம்மாவின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் அவர்கள் பதினாறைக் கடக்க வேண்டும்.

பதின்ம வயது ஏன் இந்தக் கதைகளின் களமாகிறது என்பதற்கு ஃபிராய்டின் 1895ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில் விடை இருப்பதாக நினைக்கிறேன். எம்மா என்ற பெண்ணால் கடைக்குத் தனியாகப் போக முடியவில்லை. பன்னிரண்டு வயது வாக்கில் ஒரு கடையில் இரண்டு பணியாளர்கள் சிரித்ததைப் பார்த்து ஓடிவந்திருக்கிறாள். தோண்டியபோது எட்டு வயது நினைவு ஒன்று கிடைத்தது: ஒரு கடைக்காரர் அவளிடம் தகாத முறையில் நடந்துகொண்டிருக்கிறார். எட்டு வயதில் அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. பன்னிரண்டில் உடம்பு மாறி, உலகம் புரிந்த பிறகு, ஒரு சிரிப்பு வந்து பழைய நாளைத் தொட்டதும்தான் அது காயமானது. ஃபிராய்டின் மற்ற முடிவுகளோடு எனக்கு எவ்வளவோ முரண்பாடு உண்டு. ஆனால் இது கதை எழுதுகிறவர்கள் பாடம் கேட்க வேண்டிய இடம். 'அப்போது அவனுக்கு வயது ஏழு' என்ற வரி, ஏழு வயதிலேயே காயம் முழுமையாகிவிட்டது, பிறகு அது வெறுமனே வெடித்தது என்று நம்புகிறது. உண்மையில் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தன் ஏழு வயதைத் திரும்பப் படிக்கிறது. நண்பனின் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பாத்திரம் கழுவுவதைப் பார்த்த அன்று, தன் வீட்டில் நடந்ததற்கு முதன்முதலாகப் பெயர் வைக்கிறது. எழுத வேண்டியது அந்த மாலையை.

சாலிஞ்சரின் ஹோல்டன் கால்ஃபீல்டை உலகமே தடம் மாறிய பதின்ம வயதின் அடையாளமாக வைத்திருக்கிறது. 1951இல் வந்த அந்த நாவலில் தம்பி ஆலியின் மரணம் ரகசியம் இல்லை. ஆரம்ப அத்தியாயங்களிலேயே, அறைத்தோழனுக்காகக் கட்டுரை எழுதப்போய்த் தம்பியின் பேஸ்பால் கையுறையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அவன் இறந்த இரவில் வண்டிக்கொட்டகைக் கண்ணாடிகளைக் கையால் உடைத்ததைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறான். இன்னும் கனமான ஒன்று பின்னால் வருகிறது. பழைய ஆசிரியர் வீட்டில் நள்ளிரவில் பயந்து வெளியே ஓடிவரும்போது, சின்ன வயதிலிருந்தே இதுபோல் தனக்குப் பலமுறை நடந்திருப்பதாக ஒரே வாக்கியத்தில் சொல்கிறான். அத்தியாயம் அங்கே முடிந்துவிடுகிறது. பலர் அந்த வாக்கியத்தைக் கவனிக்காமல் தாண்டிப்போகிறார்கள். பதின்ம வயதினர் முக்கியமானதைச் சொல்லும் விதம் அதுதான். பேருந்திலிருந்து இறங்கும் நேரத்தில், வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, பாதி வாக்கியத்தில். வகுப்பறையில் சொன்ன பிள்ளைகளிடமிருந்து எனக்கும் அது அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழில் இந்த பிளாஷ்பேக் வழக்கத்துக்கு நேர்மாறான வழியில் போய் வென்றவர் அசோகமித்திரன். 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலின் சந்திரசேகரன் செகந்திராபாத்தில் கிரிக்கெட், கல்லூரி, மாடு என்று சாதாரணமாக வளர்கிறான். ஊர் மெல்ல மெல்லப் பிளவுபடுகிறது. கலவர இரவில் சுவரேறிக் குதித்து ஓர் ஏழை முஸ்லிம் வீட்டுக்குள் விழுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுபெண் தன்னையே தர முன்வருகிறாள். அவன் ஓடுகிறான். நாவல் முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் பிளாஷ்பேக்கில் வைக்கும் காட்சியை அவர் கடைசிப் பக்கத்தில் வைத்தார். அதனால் அது எதையும் விளக்குவதில்லை. இனி இவன் எப்படி வாழ்வான் என்ற கேள்வியோடு புத்தகத்தை மூடுகிறோம்.

விமர்சகர் பருல் சேகல் 2021இன் இறுதியில் நியூயார்க்கர் இதழில், காயத்தை மையமாக்கிய கதைப்பின்னல் பாத்திரங்களைத் தட்டையாக்கி நோய்க்குறிகளாகச் சுருக்கிவிட்டது என்று வலுவாக வாதாடினார். அவர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் முழுமையாக அவர் பக்கம் போக என்னால் முடியாது. அவர் பேசுவது காயம் சலித்துப்போகும் அளவுக்கு எழுதப்பட்டுவிட்ட ஆங்கில இலக்கியத்தைப் பற்றி. நம் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை மாமாவைப் பற்றிச் சொன்னால் இன்றும் முதல் பதில் 'வெளியே சொல்லாதே' என்பதுதான். இங்கே காயத்தை எழுதாதே என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதுங்கள், அதைப் பழைய நாளில் பூட்டிவைத்துவிட்டுக் கடைசியில் திறக்காதீர்கள் என்று மட்டுமே சொல்கிறேன். அது இன்றைய நடையில் இருக்கிறது, சாப்பிடும் வேகத்தில் இருக்கிறது, பின்னால் யாராவது வேகமாக வந்தால் தோள் விறைப்பதில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருவரின் கதை வந்தது. கதைப்பெண்ணின் வீடு ஒன்பதாம் மாடியில். பள்ளிவிட்டு வந்ததும் மின்தூக்கியில் பதினொன்றாம் மாடிக்குப் போய் இறங்குகிறாள். அங்கிருந்து படிக்கட்டில் மெதுவாக இரண்டு மாடி இறங்கி, தன் வீட்டுக்கு நாலைந்து படி மேலேயே நின்று காது கொடுக்கிறாள். தொலைக்காட்சிச் சத்தம் கேட்டால் சாவியை எடுக்கிறாள். கேட்காவிட்டால் படியிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறாள். ஒரு வாரம் இப்படிப் போகிறது. வெள்ளிக்கிழமை படியில் உட்கார்ந்திருக்கும்போது பத்தாம் மாடிச் சீனப் பாட்டி ஒரு கிண்ணத்தில் பச்சைப்பயற்றுக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்விடுகிறார். கதை அவ்வளவுதான். நடுவர்கள் மூவரும் கூடிப் பேசினோம். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்பது வாசகருக்குத் தெளிவில்லை, பின்னணியைச் சேர்த்தால் சிறக்கும் என்று குறிப்பு எழுதினோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஓராண்டு கழித்து அந்தக் கதை திருத்தப்பட்டு ஒரு தொகுப்பில் அச்சாகி வந்தது. அப்போது அவளுக்கு வயது ஏழு என்ற பத்தி சேர்ந்திருந்தது. அப்பாவும் உடைந்த நாற்காலியும் வந்திருந்தார்கள். பாட்டி இருந்தார், கஞ்சி இருந்தது. மின்தூக்கி மட்டும் இப்போது நேராக ஒன்பதாம் மாடியில் நின்றது.